தகரம் வைக்காத வடக்குப் பக்கம்

இதை ஒன்று என்று எண்ணலாமா? இடது விலாவுக்குக் கீழே ஏதோ நகர்ந்த மாதிரி இருந்தது. குழந்தையா, மத்தியானம் தின்ற உருளைக்கிழங்கு சாலட்டா என்று சத்தியம் செய்து சொல்ல முடியாது. திருப்பூரில் ஆறு வருஷம் துணி பரிசோதிக்கும் வேலை பார்த்தவள் நான். வெளிச்சம் போட்ட மேஜைமேல் துணி ஓடிக்கொண்டே இருக்கும். ஓட்டை, விட்டுப்போன தையல், எண்ணெய்க்கறை, எல்லாவற்றையும் எண்ணி எழுத வேண்டும். சந்தேகமாக இருந்தால் பிழை என்றே எழுதிவிடு, பின்னால் யாரும் நம்மைக் கேட்க முடியாது என்பது அங்கே முதல் நாளே சொல்லிக் கொடுப்பது. இங்கே சந்தேகமாக இருந்தால் எந்தப் பக்கம் எழுதுவது? எழுத வேண்டாம், இது உருளைக்கிழங்குதான். காலை எட்டு மணிக்குப் பல் தேய்க்கும்போது ஒரு நல்ல உதை விழுந்தது, வாயில் நுரையோடு சிரித்தேன். அதற்கப்புறம் ஒன்றும் இல்லை. ஜெர்மன் வகுப்பில் மூன்று மணி நேரம் நான் கவனிக்கவே இல்லை, டீச்சர் என்னை எல்லோர் முன்னாலும் பாராட்டினாள், அந்தப் பெருமையில் வயிறே மறந்துபோயிற்று. பஸ்ஸில் உட்கார்ந்து வயிற்றில் கை வைத்தபோதுதான் உறைத்தது. லிண்டன்ராயிட் என்கிற இந்தச் சின்ன ஊரில் இறங்கி வேறு பஸ் மாற வேண்டும். அந்த பஸ் என் கண்ணெதிரே போய்விட்டது, அடுத்தது ஐம்பது நிமிஷம் கழித்து. நல்ல மழை. ரொட்டிக்கடை மத்தியானத்துக்கு மூடிக் கிடந்தது. ஊரில் திறந்திருந்த ஒரே கதவு இந்தச் சர்ச்சின் கதவு. பிரசவ வகுப்பில் கொடுத்த தாள் பையில் இருக்கிறது: குளிர்ச்சியாக ஏதாவது குடியுங்கள், இடது பக்கம் சாய்ந்துகொள்ளுங்கள், எண்ணுங்கள், இரண்டு மணி நேரத்தில் பத்து அசைவு வராவிட்டால் ஆஸ்பத்திரிக்குப் போன் செய்யுங்கள். ஆப்பிள் ஜூஸைக் கடைசிச் சொட்டுவரை குடித்தாயிற்று. பெஞ்சின் மூலையில் இடது பக்கம் சாய்ந்தாயிற்று. மணி இரண்டு பத்து. முப்பத்து மூன்று வாரம், இரண்டு நாள். எண்ணிக்கை பூஜ்யம். எதிரே கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு எலும்புக்கூடு என்னைப் பார்த்தபடி படுத்திருக்கிறது.

அம்மா இங்கே இருந்தால் என்னைத் தரதரவென்று வாசலுக்கு இழுத்துக்கொண்டு போயிருப்பாள். மாசமாக இருக்கிறவள் சாவு வீட்டுப் பக்கம் போகக் கூடாது, கிரகணத்தன்று வெளியே தலைகாட்டக் கூடாது, டிவியில் அழுகிற சீரியல்கூடப் பார்க்கக் கூடாது. நானோ முழு எலும்புக்கூட்டுக்கு முன்னால், அதுவும் நகை போட்ட எலும்புக்கூட்டுக்கு முன்னால் சாய்ந்து கிடக்கிறேன். மண்டையில் கிரீடம். கண் இருந்த குழிகளில் இரண்டு நீலக் கல். விலா ஒவ்வொன்றிலும் சரிகை சுற்றி நடுநடுவே முத்து. ஒரு முழங்கையை ஊன்றி, கல்யாணப் பந்தியில் மூக்குப்பிடிக்கச் சாப்பிட்டுவிட்டுச் சாய்ந்திருக்கும் பெரியப்பா மாதிரி ஒய்யாரமாக இருக்கிறார். பயமாகத்தான் இருந்திருக்க வேண்டும். ஆனால் என் கண் முதலில் போனது துணிமேல். எலும்பு முழுவதும் மெல்லிய பட்டு வலைத்துணி சுற்றித் தைத்திருக்கிறார்கள், விரல் எலும்புகளுக்குக்கூடத் தனித்தனியாக. எங்கள் மேஜையில் போட்டால் ஒரு பிழை எழுத முடியாது. ஒரு செத்த மனுஷருக்கு இவ்வளவு பொறுமையாக யார் தைத்திருப்பார்கள்? நகரு தங்கம். ஒரு தடவை. சும்மா ஒரு விரலையாவது அசை. "பயப்படாதீங்க, கடிக்க மாட்டாருங்க" என்றது பின்னால் ஒரு குரல். என்னுடைய ஜெர்மன் அரைகுறை. காதில் விழும் ஜெர்மன் தலைக்குள் இறங்குவதற்குள் கோபிச்செட்டிபாளையத்துப் பேச்சாக மாறிவிடும், அதனால் என்னோடு பேசுகிற ஜெர்மன்காரர்கள் அத்தனை பேரும் எங்கள் ஊர்க்காரர்கள்தான். திரும்பிப் பார்த்தேன். நாற்பத்தைந்து வயதிருக்கும் ஒரு பெண், நீல ஏப்ரன், தோளில் வாக்குவம் கிளீனரின் குழாய், பாக்கெட்டில் பெயிண்ட் அடிக்கும் பிரஷ். பெட்ரா என்று பேர் சொன்னாள். சர்ச்சைத் திறப்பதும் கூட்டுவதும் பூட்டுவதும் அவள் வேலை. "யாருங்க இவரு?" என்றேன். "ஆருக்குத் தெரியும்? முன்னூத்தம்பது வருசத்துக்கு முன்னால ரோமாபுரியில நெலத்துக்கு அடியில இருந்து தோண்டி எடுத்துப் பொட்டியில போட்டு அனுப்பிச்சாங்களாம். புனிதர்னு சீட்டு ஒட்டியிருந்துச்சு, நம்ம ஊர்ல நம்பிட்டாங்க. கன்னியாஸ்திரீங்க மூணு பேரு அஞ்சு வருசம் உக்காந்து தெச்சாங்களாம். வருசத்துக்கு ஒருக்கா பொட்டியத் தொறந்து இந்த பிரஷ்ல தூசி தட்டி உடுவேன். மூக்கு இல்லாததுனால தும்மறதில்லைங்க." அவளே சிரித்துக்கொண்டாள். என் வயிற்றைப் பார்த்தாள், பிறகு முகத்தைப் பார்த்தாள், சிரிப்பு நின்றது. "மேலுக்கு முடியலைங்களா?" "இல்லைங்க, பஸ்ஸுக்கு உக்காந்திருக்கேன்" என்றேன். பொய் சொல்வது எனக்கு எவ்வளவு சுலபமாக வருகிறது. அவள் வாக்குவத்தைப் போட்டுக் கம்பளத்துத் தூசியை இழுக்க ஆரம்பித்தாள்.

மணி இரண்டு இருபத்தைந்து, பூஜ்யம். போன தடவை என்று நான் மனசுக்குள்கூடச் சொல்வதில்லை, ஆனால் அந்தச் சொல் இப்போது தானாக வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொண்டது, போகச் சொன்னாலும் போகாது. இரண்டரை வருஷம் ஆகிறது. ஒன்பதாவது மாதம், வளைகாப்பு முடிந்து அம்மா வீட்டில் இருந்தேன். கையில் வளையல் கலகலவென்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தது. ஒரு நாள் காலையில் எழுந்தபோது வயிறு அமைதியாக இருந்தது. "அம்மா, அசையவே இல்லை" என்றேன். அம்மா அடுப்பிலிருந்து திரும்பாமல், "ஒம்பதாம் மாசம் உள்ள எடம் பத்தாது கண்ணு, எப்படி அசையும்? தூங்குது. நீயும் செத்த நேரம் படு" என்றாள். படுத்தேன். படித்தவள், ஒரு துணியில் நூல் பிசகினால் ஏற்றுமதியையே நிறுத்தச் சொல்கிறவள், அன்றைக்குப் படுத்துத் தூங்கினேன். மறுநாள் சாயங்காலம்தான் ஆஸ்பத்திரிக்குப் போனோம். ஸ்கேன் எடுத்த பெண் திரையை மெதுவாகத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள், எனக்கு அதிலேயே தெரிந்துவிட்டது. பெண் குழந்தை. தலை நிறைய முடி. நெற்றியில் ஒரு சுருக்கம், யாரோ திட்டிவிட்ட மாதிரி. அரை நிமிஷம் காட்டினார்கள். அதற்குள் அத்தை வந்து என் கண்ணை மூடிவிட்டாள், பால் கட்டிக்கொள்ளும், பார்க்காதே என்றாள். வீட்டுக்காரரும் அவருடைய மாமாவும் எடுத்துக்கொண்டு போனார்கள். சின்னக் குழந்தை என்பதால் எரிக்காமல் புதைத்துவிட்டார்கள் என்பது மட்டும் தெரியும். எங்கே என்று நான் கேட்கவில்லை, யாரும் சொல்லவும் இல்லை. அம்மா மூன்றாம் நாள் என் கட்டிலில் உட்கார்ந்து, "நடந்தது நடந்து போச்சு. அதைக் கணக்குல சேக்காத. இனிப் பொறக்கறதுதான் உனக்குத் தலைப்பிள்ளை. ஆரு கேட்டாலும் அப்படித்தான் சொல்லோணும்" என்றாள். சொல்லிவிட்டுப் பின்பக்கம் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதாள், எனக்குக் கேட்டது. அம்மாமேல் எனக்குக் கோபம் உண்டு. பாசமும் உண்டு. இரண்டும் ஒன்றையொன்று சமாதானம் செய்துகொள்ளாமல் அப்படியே இருக்கின்றன.

அதுகூடப் பரவாயில்லை. இங்கே வந்த பிறகு நான் செய்தது என்ன? ஜெர்மனியில் கர்ப்பிணிகளுக்கு ஒரு நீலப் புத்தகம் கொடுக்கிறார்கள், குழந்தை பிறக்கும்வரை அது பையிலேயே இருக்க வேண்டும். முதல் நாள் டாக்டரிடம் போனபோது நிரப்பக் கொடுத்த தாளில், இதற்கு முன் எத்தனை முறை கர்ப்பம் என்று ஒரு கேள்வி. சிவசண்முகம் பேனாவை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். வீட்டுக்காரரைப் பேர் சொல்லிக் கூப்பிட மாட்டேன், நினைப்பில் மட்டும் சொல்லிக்கொள்வேன். "இல்லைன்னு போடுங்க" என்றேன். "வாணி..." என்றார். "அதைப் பத்திப் பேச வேண்டாம்னு சொல்லியிருக்கேன்ல, போடுங்க." அவர் ஒரு கோடு போட்டார். சொன்னால் அது திரும்பி வந்துவிடும் என்று பயந்தேன். வேறு ஒரு காரணமும் இல்லை. சொல்லாமல் இருந்தால் நடக்காதது ஆகிவிடும் என்று நிஜமாகவே நம்பினேன். அந்தத் தாளைப் பார்த்து டாக்டர் புத்தகத்தில் ஒன்று என்று எழுதினார். ஆக, புத்தகத்தின்படி இது எனக்கு முதல் குழந்தை, எல்லாம் நார்மல், நாலு வாரத்துக்கு ஒரு தடவை வந்தால் போதும். முன்னால் அப்படி ஒன்று நடந்தது என்று தெரிந்திருந்தால் இந்நேரம் வாரா வாரம் கூப்பிட்டு வயிற்றில் பெல்ட் கட்டிக் குழந்தையின் துடிப்பைப் பார்த்திருப்பார்கள், நெட்டில் படித்திருக்கிறேன். படித்துவிட்டு அந்தப் பக்கத்தை மூடியும் இருக்கிறேன். இப்போது போன் செய்தால் முதல் கேள்வியே எத்தனையாவது என்றுதான் இருக்கும். அதைச் சொல்ல வேண்டி வரும் என்பதற்காக இந்தப் பெஞ்சில் சாய்ந்துகொண்டு மணியைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அன்றைக்கும் படுத்துக்கொண்டு இப்படித்தான் காத்திருந்தேன். இன்றைக்கு அம்மாகூடப் பக்கத்தில் இல்லை, பழி போட ஆள் இல்லை. நான் எவ்வளவு பெரிய முட்டாள்.

உட்கார முடியவில்லை. எழுந்து நடந்தேன், நடந்தால் அசையும் என்பார்கள், தூங்கும் என்றும் சொல்வார்கள், ஏதோ ஒன்று. பக்கவாட்டுச் சுவரில் கம்பி போட்ட ஒரு மாடம், உள்ளே பழுப்பேறிய மெழுகு உருவங்கள். கால், கை, காது, அப்புறம் வரிசையாக ஏழெட்டுத் தேரைகள். உள்ளங்கை அளவு, முதுகில் கோடு கிழித்து, காலைப் பரப்பிக்கொண்டு. "இது தேரைதானுங்களே?" என்றேன். பெட்ரா வாக்குவத்தை நிறுத்தினாள், பேச ஆள் கிடைத்தால் வேலையைப் போட்டுவிடும் ஜாதி என்று தெரிந்தது, எனக்கு அது பிடித்தும் இருந்தது. "தேரையேதானுங்க. கர்ப்பப்பைன்னா வயித்துக்குள்ள ஒரு தேரை உக்காந்திருக்குதுன்னு அந்தக் காலத்துல நெனச்சாங்க. பசிச்சா சுத்துமாம், கோவம் வந்தா கடிக்குமாம். கொழந்தை வேணும்னாலும், பிரசவம் நல்லபடியா ஆவோணும்னாலும் மெழுகுல ஒண்ணு செஞ்சு கொண்டாந்து வெப்பாங்க." எங்கள் பக்கம் அம்மன் கோயில்களில் வெள்ளித் தகட்டில் கண்ணும் காலும் தொட்டிலும் அடித்துப் போடுவார்கள், அதில் ஒரு அழகு இருக்கும். இவர்களுக்குத் தேரைதானா கிடைத்தது? ஆனாலும் பார்க்கப் பார்க்க அந்த அசிங்கமான பிராணிமேல் ஒரு ஆசை வந்தது. இதை மடியில் கட்டிக்கொண்டு மழையிலும் பனியிலும் எவளோ ஒருத்தி மலையேறி வந்திருக்கிறாள். அவளுக்கும் இதே மாதிரி ஒரு பிற்பகல் இருந்திருக்கும். கடி தேரையே, சுத்து, கோபமாவது படு. அப்போது அசைந்தது. உருளைக்கிழங்கு இல்லை. தொப்புளுக்கு வலது பக்கம், ஒரு முழங்கை மெதுவாகத் திரும்பிப் படுத்த மாதிரி. ஒன்று. கம்பியைப் பிடித்துக்கொண்டேன். "இங்க வந்து உக்காருங்க, காத்து வரும்" என்று பெட்ரா ஒரு நாற்காலியைத் தூக்கிப் பக்கத்துக் கதவோரம் போட்டுக் கதவைத் திறந்துவிட்டாள்.

சர்ச்சின் வடக்குப் பக்கம் அது. கூரையிலிருந்து தண்ணீர் நேராகத் தரையில் கொட்டிக்கொண்டிருந்தது. சுவர் ஊறிப் பாசி பிடித்திருந்தது. மற்ற மூன்று பக்கமும் கூரை விளிம்பில் மழைத் தண்ணீரை வாங்கிக் குழாயில் விடும் தகரம் பளபளவென்று இருப்பதை வரும்போதே பார்த்தேன். இங்கே மட்டும் இல்லை. தண்ணீர் விழுகிற இடத்தில் சுவரை ஒட்டி நீளமாக வெள்ளைக் கூழாங்கல் பரப்பி, அதில் ஒரு காகிதக் காற்றாடி, இரண்டு மெழுகுவர்த்திக் கிண்ணம், மஞ்சள் நிறத்தில் ஒரு பிளாஸ்டிக் வாத்து. "தகரம் கழண்டு போச்சுங்களா?" "வெக்கவே இல்லைங்க. ஆறு வருசத்துக்கு முன்னால எஞ்சினியர் வந்தாரு, செவுரு வீணாப்போகுது, தகரம் வெச்சுக் கீழ குழாய் பதிக்கோணும்னாரு. தோண்டுனாங்க. ரெண்டடியில எலும்பு." கேட்காமல் எழுந்து போயிருக்கலாம். "இத்தனூண்டு எலும்புங்க. ஒண்ணு ரெண்டில்லை, நூத்துக்கு மேல. கூரை ஓடு ரெண்டைக் கவுத்து வெச்சு நடுவுல படுக்க வெச்சிருந்தாங்க. ஞானஸ்நானம் குடுக்கறதுக்கு முன்னாலயே போயிட்ட கொழந்தைங்க. வயித்துலயே போனது, பொறந்த ஒடனே போனது. அதுகளுக்கு அப்பெல்லாம் கல்லறைத் தோட்டத்துல எடம் குடுக்க மாட்டாங்க, சொர்க்கமும் கெடையாதும்பாங்க. பெத்தவங்களுக்கு மனசு கேக்குமா? சர்ச் கூரைமேல உழுந்து வர்ற தண்ணி புனிதத் தண்ணிதானே, அது சொட்டற எடத்துல பொதைச்சா மழையே ஞானஸ்நானம் குடுத்துரும்னு கொண்டாந்து வெச்சிருக்காங்க. பாதிரியாருக்குத் தெரியாம." "நூறு குழந்தை, அவருக்குத் தெரியாமலா?" "நானும் அதைத்தான் கேப்பேன். தெரிஞ்சுதான் இருக்கும், அந்தப் பக்கம் ஜன்னலை மூடி வெச்சிருப்பாரு." பிறகு ஊர்க்கூட்டம் போட்டார்களாம். தகரம் வைக்கச் சம்மதம் என்கிறவர்கள் கை தூக்கலாம் என்றார்களாம். ஒரு கைகூட எழவில்லை. செவுரு ஊறுனா ஊறட்டும், அஞ்சு வருசத்துக்கு ஒருக்காப் பூசிக்கலாம் என்று முடிவு செய்து, தோண்டியதை மறுபடி மூடிவிட்டார்கள். "அந்த வாத்து என்னுதுங்க" என்றாள், அதே குரலில். "எனக்கு மூணு பசங்க. ரெண்டு பேரு காலேஜ்ல படிக்கறாங்க. ஒருத்தன் அஞ்சாம் மாசத்துலயே போயிட்டான். இங்க பொதைக்கலைங்க, இப்பெல்லாம் கூடாது. வாத்து மட்டும் வெச்சிருக்கேன்."

மூணு பசங்க. எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டாள். தயங்கவில்லை, குரலைத் தாழ்த்தவில்லை, இரண்டு என்று ஆரம்பித்துத் திருத்தவும் இல்லை. எனக்கு அவள்மேல் பொறாமையாக இருந்தது. பிளாஸ்டிக் வாத்து வைத்திருக்கும் ஒருத்திமேல் பொறாமை. அப்புறம் அந்த நூறு வீட்டுக்காரர்கள். எழுத்துக்கூடத் தெரிந்திருக்காது, ஊரே பாவம் என்று சொன்ன காரியத்தை, சாமிக்கும் பாதிரியாருக்கும் நடுவே இருந்த ஒரு இடுக்கைக் கண்டுபிடித்துச் செய்திருக்கிறார்கள். கூரைத் தண்ணீரால் சொர்க்கம் கிடைக்குமா என்று எனக்குத் தெரியாது. நம்பிக்கையும் இல்லை. ஆனால் அவர்கள் தங்கள் பிள்ளையை இல்லை என்று சொல்லவில்லை. நான் சொன்னேன். பேனாவைப் பிடித்திருந்தவரை மிரட்டிச் சொல்ல வைத்தேன். அந்த நெற்றிச் சுருக்கத்தை, அந்த முடியை, ஒரு கோடாக்கி விட்டேன். அழுகை வந்தது, அடக்கவில்லை. பெட்ரா ஏப்ரன் பாக்கெட்டிலிருந்து ஒரு காகிதத் துண்டை எடுத்துக் கொடுத்தாள், அதில் பித்தளை பாலிஷ் வாசனை. மூக்கைச் சிந்தும்போது இரண்டு. கொஞ்சம் பொறுத்து மூன்று, அது லேசாக, விக்கல் மாதிரி. அசைகிறது பார், என்றது ஒரு மனசு. இன்னும் ஒன்றேகால் மணி நேரம் இருக்கிறது, பஸ் பத்து நிமிஷத்தில் வந்துவிடும், வீட்டுக்குப் போய்ப் படுத்துக்கொண்டு நிதானமாக எண்ணு, பத்து வந்துவிட்டால் யாருக்கும் ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை. படு. செத்த நேரம் படு. அன்றைக்கு அம்மா சொன்ன அதே சொல். காலையிலிருந்து நான்கே அசைவு, அதில் ஒன்று பல் தேய்க்கும்போது. சந்தேகமாக இருந்தால் பிழை என்று எழுது. போனை எடுத்தேன்.

ஆஸ்பத்திரியின் பிரசவப் பகுதியில் ஒரு பெண் எடுத்தாள். பேர், வாரம், எப்போதிலிருந்து என்று கேட்டாள். நான் வகுப்பில் கற்றுக்கொண்ட வாக்கியங்களில் சொன்னேன். "எத்தனையாவது கர்ப்பமுங்க?" என்றாள். பெட்ரா என்னைப் பார்த்துக்கொண்டு நின்றாள். "புத்தகத்துல ஒண்ணுன்னு எழுதியிருக்கும்" என்றேன். "அது தப்பு. நாங்க தப்பாச் சொல்லிட்டோம். இது ரெண்டாவது. முதல் குழந்தை ஒன்பதாவது மாசம் வயித்துக்குள்ளயே செத்துப்போச்சு. அன்னிக்கும் இப்படித்தான் அசையாம இருந்துச்சு. நான் காத்திருந்துட்டேன்." என் ஜெர்மனில் எங்கே பிசகினேனோ தெரியாது, அவளுக்குப் புரிந்தது. திட்டுவாள் என்று காதைத் தயாராக வைத்திருந்தேன். "இப்ப எங்க இருக்கீங்க?" என்றாள். "லிண்டன்ராயிட், சர்ச்சுல." "கூட ஆராவது இருக்காங்களா? கார் இருக்குதா? உடனே பொறப்பட்டு வாங்க. எண்ணிக்கிட்டு உக்காந்திருக்க வேண்டாம். நான் வாசல்லயே நிக்கறேன்." நான் போனை வைப்பதற்குள் பெட்ரா சாவியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள். காரின் பின்சீட் முழுக்க மெழுகுவர்த்திப் பெட்டிகளும் ஒரு பழைய பாதிரி அங்கியும். முன்சீட்டில் நான். இருபது நிமிஷம். வழியெல்லாம் நான் தெரிந்த சாமியை எல்லாம் கூப்பிட்டேன், பண்ணாரி அம்மனை, அந்த நகை போட்ட பெரியப்பாவைக்கூட. பெட்ரா ஒரு சிக்னலை மதிக்காமல் போனாள், ஜெர்மன்காரி அப்படிச் செய்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. நடுவில் அவருக்கு ஒரு மெசேஜ் போட்டேன், ஆஸ்பத்திரிக்குப் போகிறேன் வாங்க என்று.

போனில் பேசியவள்தான் வாசலில் நின்றாள். ஹெய்கே என்று பேர், என் வயசுதான் இருக்கும். கட்டிலில் படுக்க வைத்து வயிற்றைச் சுற்றிப் பெல்ட்டைக் கட்டினாள். களிம்பு சில்லென்று இருந்தது. முதலில் கரகரவென்று வெறும் சத்தம். நான் கூரையில் இருந்த சதுரங்களை எண்ணினேன், பதினொன்று எண்ணியபோது வந்தது, படபடவென்று, அவசர அவசரமாக, யாரோ ஓடி வருகிற மாதிரி. "இருக்குது" என்றாள் ஹெய்கே. பெட்ரா கதவோரம் நின்றுகொண்டு சிலுவை போட்டுக்கொண்டாள். நான் ஓவென்று அழுதேன். டாக்டர் வந்து ஸ்கேன் பார்த்தார், திரையை என் பக்கம் திருப்பியே வைத்திருந்தார். பனிக்குடத்தில் தண்ணீர் கொஞ்சம் குறைந்திருக்கிறது, குழந்தை நன்றாக இருக்கிறது, இரண்டு நாள் இங்கேயே இருங்கள், இனி வாரத்துக்கு இரண்டு தடவை பார்ப்போம், தேவைப்பட்டால் முன்னாலேயே எடுத்துவிடலாம், சொன்னது நல்லதாகப் போயிற்று என்றார். அவ்வளவுதான். யாரும் என்னை ஏன் மறைத்தாய் என்று கேட்கவில்லை. ஹெய்கே நீலப் புத்தகத்தை வாங்கி ஒன்று என்று இருந்ததை அடித்து, மேலே இரண்டு என்று எழுதினாள். "முதல் குழந்தை?" "பொண்ணு." "பேரு?" அப்படி ஒரு கேள்வி வரும் என்று நான் நினைக்கவே இல்லை. "வெக்கலைங்க" என்றேன். அவள் தலையை ஆட்டிவிட்டு அந்த இடத்தைக் காலியாக விட்டாள். போன் அடித்தது. அவர்தான், மூச்சு வாங்கியது, ரயிலைப் பிடிக்க ஓடியிருக்கிறார். "துடிப்பு நல்லா இருக்குதுங்க" என்றேன் முதலில். ரயில் சத்தத்துக்கு மேலே குரலை உயர்த்தினேன். "ஏனுங்க, நான் இவங்ககிட்டச் சொல்லிட்டேன். இது ரெண்டாவதுன்னு." "சொல்லிட்டியா?" "புத்தகத்துல எழுதிட்டாங்க. பேரு கேட்டாங்க, வெக்கலைன்னேன்." "வெச்சிருக்குது வாணி" என்றார். எனக்குப் புரியவில்லை. "மாமா குழி வெட்டிட்டு இருந்தாரு. பாப்பாவை நான்தான் மடியில வெச்சிருந்தேன். சும்மா எப்படி மண்ணுல வெக்கறதுன்னு காதுகிட்டப் போய் மூணு தடவை பேரு சொன்னேன். ஆத்தங்கரையில உக்காந்திருந்தோமா, வேற ஒண்ணும் தோணலை. பவானின்னு சொன்னேன்." "ஏன் எங்கிட்டச் சொல்லவே இல்லை?" "பேச வேண்டாம்னியே." இரண்டரை வருஷம் அவர் ஒருத்தர் மட்டும் அந்தப் பேரை வைத்துக்கொண்டு, என் எதிரே உட்கார்ந்து சோறு தின்று, வேலைக்குப் போய் வந்து, அந்தக் கோட்டையும் தன் கையாலேயே போட்டிருக்கிறார். சீக்கிரம் வாங்க என்று மட்டும் சொன்னேன். ஹெய்கே புத்தகத்தை மூடிவிட்டுக் கதவுவரை போயிருந்தாள். கூப்பிட்டேன். திரும்பி வந்து, என்னவென்று கேட்காமல் பேனாவைத் திறந்தாள். மூத்தவள் பேரு பவானி என்றேன்.